குழாய்த் தண்ணீருக்குப் பின்னால் ஒரு குட்டிப் பெட்டி... பிஎல்சி என்றால் என்ன? நெட்வொர்க்கில் எப்படி இணைகிறது, ஆபத்து எங்கே?

அடையாறிலோ மயிலாப்பூரிலோ காலையில் குழாயைத் திறக்கும்போது, அந்தத் தண்ணீர் ஏரியிலிருந்து வந்ததா, நெம்மேலி கடல்நீர் ஆலையிலிருந்து வந்ததா என்று யாரும் யோசிப்பதில்லை. எங்கிருந்து கிளம்பினாலும் பம்ப், வால்வு, தொட்டி எனப் பல கட்டங்களைத் தாண்டித்தான் அது வீட்டுக்கு வருகிறது. இன்றைய குடிநீர் ஆலைகளில் எந்த பம்ப் எப்போது ஓட வேண்டும், எந்த வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைக் கவனிப்பது ஒரு சின்னப் பெட்டி. அதற்குப் பெயர் பிஎல்சி. இந்தப் பெட்டி இப்போது நம் வீட்டு வைஃபை ரூட்டரில் மாட்டும் அதே மாதிரி கேபிளில் நெட்வொர்க்கோடு இணைந்திருக்கிறது. வசதியும் அதுதான், வம்பும் அதுதான்.

பிஎல்சி என்ன செய்கிறது?

தமிழில் சொன்னால் நிரல்படுத்தக்கூடிய கட்டுப்பாட்டுக் கருவி. ஃபீல்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பிஎல்சி என்றுதான் சொல்வார்கள். சென்சார்கள் சொல்வதைப் படிக்கும். தனக்குள் இருக்கும் புரோகிராமை ஓட்டும். மோட்டாருக்கும் வால்வுக்கும் உத்தரவு போடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு சுற்றுக்குச் சில மில்லி விநாடிகள்தான். இரவு பகல், லீவு எதுவும் கிடையாது.

மழைக்காலம் வந்தாலே தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை செய்தியில் வந்துவிடும். அதுபோன்ற பள்ளமான இடத்தில் ஒரு பம்ப்பைத் தானாக ஓட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இந்த மட்டத்தைத் தொட்டால் முதல் மோட்டார், இன்னும் ஏறினால் இரண்டாவது, இறங்கினால் நிறுத்து. பிஎல்சிக்கு இது சாதாரண வேலை. நெம்மேலி போன்ற இடத்தில் கணக்கு பெரியது. அங்கே 2013-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலையும், 2024-ல் 15 கோடி லிட்டர் ஆலையும் திறக்கப்பட்டன. கடல்நீரைச் சவ்வு வழியாகத் தள்ள சுமார் 60 பார் அழுத்தம் தேவை. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். இவ்வளவு அழுத்தத்தில் வால்வு தப்பான நேரத்தில் மூடினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பெட்டி பிறந்தது கார் தொழிற்சாலைக்காக. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பலகைகளைப் பிரித்து வயரை மாற்ற வேண்டியிருந்தது. அந்தத் தலைவலிக்கு மருந்தாக 1969-ல் வந்தது மோடிகான் 084. வயருக்குப் பதில் புரோகிராமை மாற்றினால் போதும் என்ற நிலை அப்போது உருவானது. எலக்ட்ரீஷியன்களுக்குப் பழகிய ரிலே படம் போலவே ஏணி வடிவில் எழுதும் 'லேடர் லாஜிக்' இன்றும் வழக்கத்தில் இருக்கிறது.

கேபிளை மாட்டினால் போதுமா?

போதாது. முன்பெல்லாம் கம்பெனிக்கு ஒரு கேபிள், மாடலுக்கு ஒரு பின் என்று இன்ஜினியர் ஒரு பையே சுமக்க வேண்டும். ஈதர்நெட் வந்தபின் கேபிள் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். (ஆனால் பெரிய மோட்டார் டிரைவுக்குப் பக்கத்தில் சாதாரணக் கேபிளை இழுத்தால் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அதற்குக் கவசம் போட்ட கேபிள் வேண்டும்.)

அடுத்தது முகவரி. பிஎல்சியின் ஐபி 192.168.0.1 என்றால் லேப்டாப்புக்கு 192.168.0.10 போல அதே தெருவில் ஒரு கதவு எண் கொடுக்க வேண்டும். சப்நெட் மாஸ்க் 255.255.255.0. தெரு மாறினால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் பேசாது. சில கம்பெனி பிஎல்சிகளைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது அவற்றுக்கு முகவரியே இருக்காது, நாம்தான் கொடுக்க வேண்டும். பிறகு 'பிங்' அடித்துப் பார்ப்பது வழக்கம். பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. வராவிட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: அதே ஐபி இன்னொரு கருவிக்கும் இருக்கும், லேப்டாப்பின் வைஃபையும் அதே எண் வரிசையில் இருந்து குழப்பும், அல்லது ஃபயர்வால் தடுக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அரை நாளைத் தொலைப்பது இங்கேதான்.

பிங் வந்தும் டேட்டா வரவில்லையா? அப்படியென்றால் மொழி பொருந்தவில்லை. சீமென்ஸ் எஸ்7 வகைகள் 102 என்ற போர்ட்டில் பேசும். ராக்வெல்லின் ஆலன் பிராட்லி 44818-ல் பேசும். எல்லாருக்கும் பொதுவானது மாதிரி இருப்பது மோட்பஸ் டிசிபி, அதன் போர்ட் 502. மோட்பஸ் மொழி 1979-ல் மோடிகான் கம்பெனி உருவாக்கியது. அதில் விவரங்கள் எல்லாம் 'ரெஜிஸ்டர்' எனும் சின்னச் சின்ன டப்பாக்களில் இருக்கும். ஒரு டப்பாவில் 0 முதல் 65,535 வரை ஓர் எண். 237 என்று வந்தால் அது 23.7 டிகிரியா, 237 லிட்டரா என்பது கையேட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

இதில் ஒரு பழைய கண்ணி உண்டு. கையேட்டில் 40108 என்று எழுதியிருக்கும். கேபிளில் போக வேண்டிய எண் 107. ஒன்று குறைவு. இதைத் தவறவிட்டால் 'எரர்' வராது, பக்கத்து டப்பாவின் எண் வரும். அழுத்தம் என்று நினைத்து வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எரர் வந்தாலாவது பரவாயில்லை!

பாஸ்வேர்டு கேட்காத மொழி

மோட்பஸ் பிறந்த காலத்தில் இன்டர்நெட் வீடுகளுக்கு வரவில்லை. கேபிளின் மறுமுனையில் இருப்பவர் நம்மாள்தான் என்ற நம்பிக்கையில் செய்த மொழி அது. அதனால் சாதாரண மோட்பஸில் 'நீ யார்?' என்ற கேள்வியே இல்லை. 502 போர்ட்டைத் தொட முடிந்தவர் யாராக இருந்தாலும் படிக்கலாம். தடுக்கும் ஏற்பாடு தனியாக இல்லையென்றால் எழுதவும் செய்யலாம். எழுதலாம் என்றால், ஓடும் பம்ப்பை நிறுத்தலாம் என்று பொருள்.

இன்டர்நெட்டில் திறந்து கிடக்கும் இத்தகைய கருவிகளைத் தேடிக் கொடுக்க 'ஷோடான்' என்ற தேடுதளமே 2009 முதல் இயங்குகிறது. சினிமாவில் வருவதுபோல் கருப்புத் திரையில் பச்சை எழுத்து ஓட வேண்டிய அவசியம் இல்லை.

2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள அலிக்விப்பா என்ற சிற்றூரின் குடிநீர் வாரியத்தில் நடந்தது இதற்கு உதாரணம். அழுத்தத்தைக் கவனிக்கும் பம்ப் நிலையம் ஒன்றில் இஸ்ரேல் தயாரிப்பான யுனிட்ரானிக்ஸ் பிஎல்சி இருந்தது. திடீரென அதன் திரையில் ஹேக்கர்களின் வாசகம் வந்தது. ஊழியர்கள் உடனே கையால் இயக்கத் தொடங்கியதால் குடிநீருக்குப் பாதிப்பு இல்லை. அந்த வகை பிஎல்சிகள் நேராக இன்டர்நெட்டில் இருந்தன. கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டு '1111' பல இடங்களில் மாற்றப்படவே இல்லை. ஈரானோடு தொடர்புடைய குழு இதைச் செய்ததாக அமெரிக்க அரசு அறிவித்தது.

தமிழ்நாட்டிலும் ஒரு அலாரம் அடித்தது. 2019 அக்டோபர் இறுதியில் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் என்று தகவல் பரவியது. முதலில் நிலையத் தரப்பு மறுத்தது. மறுநாள், அக்டோபர் 30-ல், இந்திய அணுமின் கழகம் வைரஸ் இருந்ததை ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள ஒரு கம்ப்யூட்டர். உலையைக் கட்டுப்படுத்தும் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது கழகத்தின் விளக்கம். மறுத்துவிட்டு ஒப்புக்கொண்டதில் மக்களுக்கு வந்த சந்தேகம் நியாயமானது. ஆனால் அந்தப் பிரிப்பு முக்கியமானது. ஆபீஸ் மெயில் ஓடும் நெட்வொர்க்கும் பிஎல்சி ஓடும் நெட்வொர்க்கும் ஒரே சுவிட்சில் இருந்திருந்தால் கதை வேறு.

பிரித்து வைத்தாலே முழுப் பாதுகாப்பா என்றால், அதுவும் இல்லை. 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், ஈரானின் நதான்ஸ் அணு ஆலையில் சீமென்ஸ் பிஎல்சிகளைக் குறிவைத்தது. யுஎஸ்பி வழியாகப் பரவக்கூடிய அந்த வைரஸ் தொற்றிய கம்ப்யூட்டர்கள் இந்தியாவிலும் அதிக எண்ணிக்கையில் இருந்தன.

சட்டம் என்ன சொல்கிறது?

முக்கியக் கட்டமைப்புகளைக் காக்க என்சிஐஐபிசி என்ற மத்திய அமைப்பு 2014 முதல் இருக்கிறது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் மீதான தாக்குதலைத் தெரிந்துகொண்ட 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

பல பிஎல்சிகளின் முகத்தில் ஒரு சாவித் துளையும் உண்டு. 'ரன்' பக்கம் திருப்பினால் புரோகிராம் ஓடும், வெளியிலிருந்து மாற்ற முடியாது. 'புரோகிராம்' பக்கம் திருப்பினால் மாற்றலாம். 2017-ல் சவுதி அரேபியாவின் பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றில், விபத்தைத் தடுக்க வைத்திருந்த பாதுகாப்புக் கருவிக்குள்ளேயே 'ட்ரைட்டன்' என்ற வைரஸ் நுழைந்தது. அங்கே சாவி 'புரோகிராம்' பக்கமே விடப்பட்டிருந்தது. கருவி ஏதோ கோளாறு என்று உணர்ந்து ஆலையை நிறுத்தியதால்தான் விஷயமே வெளியே தெரிந்தது.