அமெரிக்காவின் கம்யூனிசத் தடுப்புக் கொள்கை

கம்யூனிசத் தடுப்புக் கொள்கை என்பது, சோவியத் ஒன்றியத்தின் செல்வாக்கு மேலும் பரவாமல் தடுக்க அமெரிக்கா 1947 முதல் பனிப்போர் முடியும்வரை கடைப்பிடித்த வெளியுறவுக் கொள்கை. எந்த நாட்டுக்கு உதவுவது, எதனுடன் உடன்பாடு செய்வது, எதை ஒதுக்குவது என்பவற்றை இக்கொள்கையே பெரும்பாலும் தீர்மானித்தது.

தோற்றம்

மாஸ்கோவின் அமெரிக்கத் தூதரகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் கென்னன், 1946 பிப்ரவரியில் வாஷிங்டனுக்கு அனுப்பிய நீண்ட தந்தி இதற்கு வித்திட்டது. சோவியத்தைப் போரில் வீழ்த்தத் தேவையில்லை, பொறுமையோடும் உறுதியோடும் தடுத்துவந்தால் அதன் உள்முரண்பாடுகளே அதைத் தளர்த்திவிடும் என்று 1947இல் ஒரு கட்டுரையிலும் அவர் வாதிட்டார்.

கிரீசுக்கும் துருக்கிக்கும் இனி உதவ இயலாது என்று 1947 பிப்ரவரியில் பிரிட்டன் கைவிரித்தது. அவ்விரு நாடுகளுக்காக மார்ச் 12 அன்று அதிபர் ஹாரி ட்ரூமன் காங்கிரசிடம் 40 கோடி டாலர் கேட்டார். ஆனால் அவரது உரை, ஆதிக்கத்தை எதிர்க்கும் சுதந்திர மக்கள் அனைவருக்கும் துணைநிற்பதாக உறுதியளித்தது. எல்லையற்ற இவ்வாக்குறுதி கென்னனுக்கு உடன்பாடாக இல்லை.

ஐரோப்பா

பொருளாதார மீட்சிக்கான மார்ஷல் திட்டத்தின்கீழ் 1948–1952 காலத்தில் ஏறத்தாழ 1,300 கோடி டாலர் மேற்கு ஐரோப்பாவுக்குச் சென்றது. சோவியத்தின் பெர்லின் முற்றுகையின் பின்னணியில், 1949 ஏப்ரலில் 12 நாடுகளுடன் நேட்டோ இராணுவக் கூட்டணி உருவானது. சோவியத் தலைவர் ஸ்டாலினுடன் பிணங்கிய கம்யூனிச யுகோஸ்லாவியாவுக்கும், சர்வாதிகாரி பிராங்கோவின் ஸ்பெயினுக்கும் கூட உதவி கிடைத்தது.

ஆசியா

1950இல் வெடித்த கொரியப் போர் இக்கொள்கையை இராணுவமயமாக்கியது. ஜப்பான், தென்கொரியா, தைவான் ஆகியவற்றுடன் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. மக்கள் சீனத்தை 1979 வரை அமெரிக்கா முறைப்படி அங்கீகரிக்கவில்லை.

நட்பு நாடுகளும் இக்கொள்கையின் கெடுபிடியிலிருந்து தப்பவில்லை. அரிசித் தட்டுப்பாட்டில் தவித்த இலங்கை, 1952 டிசம்பரில் சீனாவுடன் ரப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது. சீனா ரப்பருக்குச் சந்தையைவிடக் கூடுதல் விலை தந்தது. அப்போது கொழும்பில் ஆண்டது கம்யூனிச எதிர்ப்பு கொண்ட ஐக்கிய தேசியக் கட்சி. ஆயினும், கம்யூனிச நாட்டுக்குப் போர்த்தேவைப் பொருள் விற்றதைக் காரணம் காட்டி அமெரிக்கா இலங்கைக்கு உதவியை மறுத்தது.

1954 மே மாதம் பாகிஸ்தானுடன் அமெரிக்கா இராணுவ உதவி உடன்பாடு செய்துகொண்டது. அணிசேராமையில் நின்ற இந்தியப் பிரதமர் நேரு இதை வன்மையாகக் கண்டித்தார். 1955இல் சோவியத் தலைவர்கள் குருஷ்சேவும் புல்கானினும் இந்தியா வந்தபோது டெல்லி–மாஸ்கோ நெருக்கம் வெளிப்படையானது. சோவியத்தைத் தடுக்கச் செய்த உடன்பாடு, தெற்காசியாவில் அதற்கே வழிதிறந்துவிட்டது.

மதிப்பீடு

மேற்கு ஐரோப்பாவில் தடுப்புக் கொள்கை பொருளாதார மீட்சியோடு இணைந்து வந்தது. அந்நாடுகளும் அதை விரும்பி ஏற்றன. அங்கு அது நிலைத்த பயன் தந்தது. ஆனால் ஈரானில் 1953இலும் குவாத்தமாலாவில் 1954இலும், மக்களாட்சி வழியில் அமைந்த அரசுகளைக் கவிழ்க்க அமெரிக்கா துணைபோனது. வியட்நாமில் காலனி எதிர்ப்புத் தேசியத்தின் வலிமையை உணரத் தவறியதன் விலை, 58,000க்கு மேற்பட்ட அமெரிக்க வீரர்களும் அதைவிடப் பன்மடங்கு வியட்நாமியரும் இழந்த உயிர்கள். வியட்நாம் போரைக் கென்னனே 1966இல் செனட் குழுவின் முன் விமர்சித்தார்.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. நேட்டோவும், ஜப்பானிலும் தென்கொரியாவிலும் உள்ள அமெரிக்கத் தளங்களும் இன்றும் தொடர்கின்றன.