முழங்கால் காயமும் தொடைத்தசையின் தாங்குதிறனும்: ஒரு வரலாற்று நோக்கு

முழங்காலினுள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் இரு இணைப்புநார்களுள் முன்னையது அறுந்துவிடின், கீழ்க்கால் என்பு முன்னோக்கி வழுகும். அறுந்ததைத் தைத்துவிடலாம் என்னும் எண்ணம் பழையது. லீட்ஸ் நகரத்துச் சத்திரவைத்தியர் மேயோ றொப்சன் 1895 இல் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு அவ்வாறே செய்தார். ஆயின் தைக்கப்படாத முழங்காலைத் தாங்குவது எது என்னும் வினாவுக்கு விடை, கத்தியின் வரலாற்றில் அன்றித் தொடைத்தசையின் வரலாற்றிலேயே உளது.

இரண்டாம் உலக மகாயுத்த காலத்திற் சிக்காகோவின் காடினர் வைத்தியசாலையிற் கடமையாற்றிய இராணுவ வைத்தியர் தோமஸ் டிலோம், காயமுற்ற படைவீரரின் மெலிந்த தொடைகளை, பாதத்தில் இரும்புப் பாதணி பூட்டிப் படிப்படியாகக் கூட்டிய பாரத்தால் வளர்த்தார். பாரம் மிகுந்து தடவை குறைந்த பயிற்சி வலுவைத் தரும். பாரம் குறைந்து தடவை மிகுந்த பயிற்சி தாங்குதிறனைத் தரும். ஒன்றன் பயனை மற்றொன்று தராது என 1945 இல் அவர் எழுதினார். பின்வந்தோர் இப்பிரிவினையைப் பெரிதும் தளர்த்தினர். எனினும் வலுவும் தாங்குதிறனும் வெவ்வேறு என்னும் அடிப்படை நிலைத்தது. 1948 இல் வொற்கின்ஸுடன் சேர்ந்து அவர் வகுத்த முறை, பத்துத் தடவை தூக்கக்கூடிய மிகப்பெரும் பாரத்தின் அரைப்பங்கு, முக்காற்பங்கு, முழுப்பங்கு என்னும் மூன்று தொகுதிகளாலானது. வைத்தியசாலைகள் இம்முறையை விரும்பி ஏற்றன. தாங்குதிறன் பற்றிய பாதியோ பின்தள்ளப்பட்டது. வலுவை ஒரே தூக்கில் அளக்கலாம் என்பது இதற்கு ஒரு காரணமாகலாம்.

தாங்குதிறனைச் செம்மையாக அளக்க, அசைவின் வேகத்தை மாறாது வைத்திருக்கும் பொறி வேண்டியிருந்தது. 1967 இல் ஹிஸ்லொப், பெரின் ஆகியோர் அதன் கோட்பாட்டை விளக்கினர். 1976 இல் சுவீடனின் தோஸ்ரென்சன், கார்ல்சன் ஆகியோர், செக்கனுக்கு 180 பாகை வேகத்தில் முழங்காலை 50 தடவை முழுவலுவுடன் நீட்டச்செய்து, விசை வீழ்வதை அளந்தனர். விரைவிற் சுருங்கும் இழைகள் மிகுந்த தசை கூடுதலாகக் களைத்தது.

சத்திரசிகிச்சை பெறாதவருக்கு இது வெறும் ஆய்வுகூட விடயமன்று. கால் ஏறக்குறைய நிமிர்ந்திருக்கையில் தொடையின் முன்தசை கீழ்க்கால் என்பை முன்னே இழுக்கிறது. பின்தசை அதனைப் பின்னே இழுத்துக் காக்கிறது. பின்தசை முந்திக் களைத்தால் காவலும் தளரும். காலையிற் செய்த வலுச்சோதனை, மாலை ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் அக்கால் எவ்வாறிருக்கும் என்பதைக் காட்டாது.

சுவீடனில் 121 இளவயதினரைக் கொண்டு நடாத்தப்பட்ட பரிசோதனையின் ஐந்தாண்டு முடிவுகள் 2013 இல் வெளிவந்தன. பயிற்சியுடன் தொடங்கி, வேண்டின் மட்டும் பின்னர் சத்திரசிகிச்சை எனப் பிரிக்கப்பட்ட 59 பேருள் 30 பேர் அதனைப் பெற்றனர், ஏனையோர் பெறவில்லை. உடனே சத்திரசிகிச்சை பெற்றோரைவிட இத்தொகுதியினரின் நிலை தாழ்ந்திருக்கவில்லை. இதற்குப் பிரதான அளவுகோலாய் அமைந்தது நோயாளர் தம் முழங்கால் பற்றித் தாமே தந்த மதிப்பீடு. தசையின் தாங்குதிறன் அன்று.