தொண்ணூற்றிரண்டாம் இடம்

எழுத்துக்கு ஒலியும் வடிவும் உண்டென்பது கவிஞர்களாகிய நாம் அறிந்ததே. கணிப்பொறி வந்த பின்னர் அதற்கு ஓர் எண்ணும் வேண்டியதாயிற்று. அவ்வெண்ணைப் பெற மொழிகள் பட்ட பாட்டுக்கு, ஜப்பானில் வெளியான பழைய இயக்கமுறைமைகளின் வரலாறு தக்க சான்றாகும்.

அமெரிக்கர் வகுத்த ஆஸ்கி குறியீட்டில் இருந்தவை 128 இடங்களே. ஆங்கிலத்துக்கு அவை போதும். ஜப்பானியர் 1969இல் அதனை விரித்துக் கத்தகானா என்னும் அசையெழுத்துகளைச் சேர்த்தனர். சீனத்திலிருந்து பெற்ற கான்ஜி எழுத்துகளுக்கு அதில் இடமில்லை. ‘ஹஷி’ என்று அசையெழுத்தில் எழுதினால் பாலமா, உண்குச்சியா, ஓரமா என்பது விளங்காது. பொருளைப் பிரித்துக் காட்டுவது கான்ஜியே. 1978இல் வெளியான தரம் 6,349 கான்ஜி எழுத்துகளுக்கு எண் வழங்கியது. ஓர் எழுத்துக்கு இரண்டு பைட்டுகள் தேவைப்பட்டன.

1969ஆம் ஆண்டுத் தரம் மற்றொன்றும் செய்திருந்தது. ஆஸ்கியில் 92ஆம் இடத்திலிருந்த பின்சாய்கோட்டை அகற்றி, யென் நாணயக் குறியை அங்கே அமர்த்தியது. 1983இல் மைக்ரோசாஃப்டின் டாஸ் இரண்டாம் பதிப்பு, கோப்புறைப் பெயர்களைப் பிரிக்கும் குறியாக அதே பின்சாய்கோட்டைக் கொண்டது. விளைவாக, ஆங்கிலப் பதிப்பில் சாய்கோடு தோன்றிய இடத்தில் ஜப்பானியப் பதிப்பில் யென்னும், கொரியப் பதிப்பில் வொன்னும் தோன்றின. எண் ஒன்று, முகங்கள் மூன்று!

இதனினும் பெரிய இடர் ஒன்று இருந்தது. ‘ஷிப்ட்-ஜிஸ்’ முறையில் சில எழுத்துகளின் இரண்டாம் பைட்டு அந்த 92 ஆகவே அமைந்தது. ஆங்கிலத்தை மட்டும் எண்ணி எழுதப்பட்ட நிரல்கள் அதனைப் பிரிகுறியென்று மயங்கி, எழுத்தை நடுவே பிளந்தன. அவ்வாறு பிளவுண்டவற்றுள் ஒன்று ‘ஆற்றல்’ எனப் பொருள்படும் கான்ஜி!

எழுத்தைத் திரையில் காட்டுவதும் எளிதாக இல்லை. 1982இல் தொடங்கிய என்.ஈ.சி. நிறுவனத்தின் பி.சி.-9800 வரிசை, கான்ஜி வடிவங்களைத் தனிச் சில்லில் வைத்திருந்தது. அவ்வரிசைக்கென எழுதிய நிரல்கள் பிற பொறிகளில் பெரும்பாலும் ஓடா. 1990இல் ஐ.பி.எம். ஜப்பான் வெளியிட்ட ‘டாஸ்/வி’ இத்தடையை நீக்கியது. எழுத்து வடிவங்களைக் கோப்பிலிருந்து நினைவகத்தில் ஏற்றி, வி.ஜி.ஏ. திரையில் புள்ளிகளாக வரைந்தது. தனிச் சில்லு இல்லாத பொதுப் பொறியும் ஜப்பானியம் காட்டலாயிற்று. வெளிநாட்டு நிறுவனங்கள் மலிவான பொறிகளுடன் உள்ளே வந்தன. உள்நாட்டு வரிசையின் ஆதிக்கம் தளர்ந்தது. ஆயினும் மொழி ஒரு நிறுவனத்தின் சில்லிலிருந்து விடுதலை பெற்றது.

தமிழும் இவ்வழியில் நடந்ததே. 1990களில் எழுத்துருவுக்கு ஓர் எண்முறை. ஒருவர் தட்டிய கவிதை மற்றொருவர் பொறியில் பொருளற்ற குறிகளாயிற்று. 2000ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் 2000, தனித் தமிழ்ப் பதிப்பு இன்றியே, யூனிகோட் வழியே நம் எழுத்தைக் காட்டியது. இன்று நம் கவிதைகள் பொறி மாறினும் உரு மாறுவதில்லை. யென் குறியோ, சில ஜப்பானிய எழுத்துருக்களில் இன்னும் அந்த 92ஆம் இடத்தில் வீற்றிருக்கிறது, பழைய வழக்கின் தழும்பாக.