குத்தூசி மருத்துவம்: பினாங்கில் வலிதணிப்பின் வரலாறு

மயிரிழை போன்ற ஊசிகளை உடலின் குறித்த இடங்களில் செருகி வலியைத் தணிக்கும் சீன முறையே குத்தூசி மருத்துவம், பேச்சுவழக்கில் அக்குபங்சர். கிறித்துவுக்கு முந்தைய கடைசி நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்ட மஞ்சள் பேரரசரின் மருத்துவ நூல் இதன் மூலநூல். பினாங்குக்குச் சீன வைத்தியம் குடியேறிகளோடு கப்பலில் வந்தது. ஜார்ஜ் டவுனின் முந்திரி தெருவில் 1883-இல் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கத் தொடங்கிய அறநிலையம், நூறு ஆண்டு கழித்து லாம் வா ஈ என்ற நவீன மருத்துவமனையாக எழுந்தது. இத்தனைக்கும், 1822-லேயே சீனப் பேரரசர் தம் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து ஊசியை விலக்கிவிட்டிருந்தார். உலகம் அதை மறுபடி திரும்பிப் பார்த்தது 1971-இல். பெய்ஜிங்கில் குடல்வால் அறுவைக்குப் பின் தமக்கு ஊசி குத்தப்பட்டதை செய்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அவருக்கு அறுவை நடந்தது வழக்கமான மரப்பு மருந்தில்தான். ஊசி வந்தது பிறகு ஏற்பட்ட வயிற்று உப்புசத்துக்கு. ஊசியை மட்டும் வைத்தே வயிற்றைக் கிழித்தார்கள் என்று ஊர் பேசியது. குத்தூசிக்கு எதிரிகள் செய்த கேட்டைவிட இப்படிப்பட்ட மிகைப்பேச்சு செய்த கேடு பெரிது.

ஊசி வலியைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. அது ஏன் குறைக்கிறது என்று பழைய நூல்கள் சொல்லும் காரணத்துக்குச் சான்று மிகக் குறைவு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வழக்கு தீராமல் இழுக்கிறது. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். முறைப்படி குத்தியவர்களில் 47.6 விழுக்காட்டினர் தேறினர். குறித்த புள்ளிகளை விட்டு வேறிடத்தில் மேலாகக் குத்தியவர்களில் 44.2, வழக்கமான மருந்தும் பயிற்சியும் பெற்றவர்களில் 27.4. ‘எங்கே குத்தினாலும் ஒன்று என்றால் இது ஏமாற்றுத்தானே?’ என்பது நியாயமான கேள்வி. புள்ளிக் கோட்பாட்டுக்கு அந்த எண்கள் பேரிடிதான். ஆனால் நோயாளியின் கண்ணில் படுவது மூன்றாவது எண். மாத்திரையால் அடங்காத வலி அவருக்கு ஓரளவு அடங்கியிருக்கிறது. அபின் வகை மருந்துகளை முறிக்கும் நாலோக்சோனைக் கொடுத்தால் ஊசி தந்த தணிப்பு மங்குவதை 1977-இல் ஓர் ஆய்வு காட்டியது. உடல் தானே சுரக்கும் வலிநீக்கிக்கு இதில் பங்கு உண்டு என்று கொள்ள அது இடம் தருகிறது.

உடலின் குறித்த இடத்தைத் தூண்டி வலி தணிக்கும் அணுகுமுறை தமிழருக்குப் புதிதன்று. முழங்காற்சில்லுக்குக் கீழே, நோயாளியின் சொந்த விரலால் நான்கு விரற்கடை அளந்து, கணைக்கால் எலும்பை ஒட்டி வெளிப்புறமாகச் சீன வைத்தியர் ஊசியை இறக்குவார். லேசாகத் திருகியதும் சுருக்கென்ற குத்தல் போய்க் கனமும் மதமதப்பும் பரவும். குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களும் வர்மங்கள் எனப்படும் 108 உயிர்நிலைகளை நோயாளியின் விரற்கடையால்தான் அளக்கிறார்கள். அவர்களுக்கு ஊசி வேண்டாம், விரலே போதும். பினாங்கின் தண்ணீர்மலையில் தைப்பூசத்தன்று அலகு குத்தி ஏறுவோரைக் காட்டி, ‘எல்லாம் மனசுதான், வைத்தியம் எதற்கு?’ என்பாரும் உண்டு. மனம் வலியை மாற்றும் என்பது மெய்யே. முதுகுத்தண்டில் வலிச்செய்திக்கு ஒரு வாயில் உண்டு, மூளை அதைத் திறக்கவும் சாத்தவும் வல்லது என்று மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் 1965-லேயே முன்வைத்தனர். ஆனால் அலகுக்குப் பின்னே நாள்கணக்கில் விரதமும், உறுமி மேளமும், கூடவே ‘வேல் வேல்’ என்று வரும் உறவும் இருக்கின்றன. அது ஒருநாள் நேர்த்திக்கடன். தினமும் படியேற முடியாத மூட்டுக்கு அதை மருந்தாகச் சொல்வது வலியோடு வாழ்பவருக்குச் செய்யும் அநீதி.

ஊசி தீங்கற்றது என்பதும் தவறு. மார்பில் ஆழக் குத்தி நுரையீரல் ஓட்டையானதுண்டு. கழுவிக் கழுவிப் பயன்படுத்திய ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவியதுண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, முதுகுவலிக்குப் பின்னே ஒளிந்திருக்கும் புற்றுநோயைப் பார்க்காமல் மாதக்கணக்கில் குத்திக்கொண்டிருப்பது. அதனால்தான் பினாங்கு மாநிலத்தின் கெப்பாளா பத்தாஸ் அரசு மருத்துவமனை 2007-இல் எடுத்த முடிவை முக்கியமானதாகக் கருதுகிறேன். நாட்டிலேயே முதன்முறையாக அக்குபங்சரும் மலாய் உருவுதலும் அங்கே நவீன மருத்துவத்தோடு ஒரே கூரையின்கீழ் வந்தன; நாள்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்குப் பின்னான சிகிச்சைக்கும் மருத்துவர் பார்த்து அனுப்பிய பிறகே ஊசி. 2016-இல் வந்த பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் வைத்தியர்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. சித்தமும் ஆயுர்வேதமும் அதில் அடக்கம். ஆனால் ஜெர்மனியில் ஊசிக்கு நடந்த அளவுக்குப் பெரிய சோதனை வர்மத்துக்கோ, வீட்டில் வைக்கும் நொச்சி ஒத்தடத்துக்கோ இன்னும் நடக்கவில்லை.