ஒட்டிக்கிச்சுன்னா விடாது

1880-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் அபர்தீனில், அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் சீழை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். திராட்சைக் கொத்து மாதிரி கிருமிகள். கிரேக்கத்தில் கொத்துக்கு உள்ள பேரையே வெச்சு 'ஸ்டஃபிலோகாக்கஸ்'னு 1882-ல் பெயர் சூட்டினார்.

பேரு வெச்சாச்சு. ஆனா அது உடம்புல எப்படி ஒட்டுதுன்னு புரிய நூறு வருஷம் ஆச்சு.

பிளாஸ்மாவில் போட்டா இந்தக் கிருமி கட்டி கட்டியாத் திரளும். காரணமான மேற்பரப்புப் புரதத்தின் ஜீனை டப்ளினில் டிமோதி ஃபாஸ்டர் குழு 1994-ல் விவரித்தது. அது பிடிக்கிறது ஃபைப்ரினோஜெனை. காயம் பட்டா ரத்தம் உறைய உதவுமே, சாட்சாத் அதே ஆளுதான்! உடம்புக்குள்ள வைக்கிற கதீட்டர், செயற்கை வால்வு மேலயும் அது படியும். கிருமிக்குக் கொண்டாட்டம்.

ஒட்டுற விதம்தான் அட்டகாசம். இதோட பங்காளி எபிடெர்மிடிஸ் கிருமியில் 2003-ல் பார்த்தாங்க. ஃபைப்ரினோஜெனின் நுனி புரதத்தின் பள்ளத்துக்குள் நுழைஞ்சதும், புரதத்தின் வால் மேல மடங்கித் தாழ்ப்பாள் போட்டுடும். 2018-ல் மியூனிக்கில் இழுத்துப் பார்த்தாங்க. பிரிக்க சுமார் 2 நானோநியூட்டன் தேவைப்பட்டது, கிட்டத்தட்ட வேதிப்பிணைப்பையே அறுக்கிற விசை!

இந்தப் புரதத்தையும் சேர்த்து ஃபைசர் ஒரு தடுப்பூசி செய்து, முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் சோதித்தது. ஆன்டிபாடி நல்லாவே உருவாச்சு, தொற்றுதான் குறையலை. 2018 டிசம்பரில் சோதனையை நிறுத்திட்டாங்க.