சோழிகளும் நிழலும்

புறநானூற்று வகுப்பில் கணியன் பூங்குன்றனார் என்ற பெயர் வரும்போது, 'கணியன் என்றால் காலத்தைக் கணிப்பவன்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுவது நமது வழக்கம். 2025ஆம் ஆண்டில் ஒரு மாணவி எழுந்து, "எதை வைத்து ஐயா கணித்தார்கள்?" என்று கேட்டாள். இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் நம்மிடம் விடை இல்லை. சங்ககாலக் கணியனின் முறையை அறிய நமக்கு வழியும் இல்லை. ஆனால் அவன் மரபில் பிற்காலத்தே வந்தோர் எப்படிக் கணித்தனர் என்பதற்குப் புதுச்சேரியிலிருந்து இரண்டு சாட்சியங்கள் உள்ளன.

முதலாவது, கியோம் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளருடையது. வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடப்பதை அளந்து, சூரியனின் தொலைவை அறியும் பெருமுயற்சியில் பங்குகொள்ள 1760இல் புறப்பட்டவர் அவர். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. எனவே அவ்வாண்டு ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில் கப்பலில் இருந்தார். ஆடும் தளத்தில் நின்று எதையும் அளக்க இயலவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் கீழ்த்திசையிலேயே தங்கினார். 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின் மீது ஒரு நோக்ககம் அமைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 விடியலில், கடப்பு நிகழ்ந்த வேளையில் மேகம் மூடிக்கொண்டது. அது முடிந்தபின் வானம் தெளிந்தது. 1771இல் ஊர் திரும்பியபோது, இறந்துவிட்டார் என்று கருதி உறவினர் அவர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர்.

இவ்வளவும் பலரும் சொல்லும் கதைதான். அதிகம் சொல்லப்படாதது, காத்திருந்த நாள்களில் அவர் உள்ளூர்த் தமிழரிடம் கிரகணக் கணிதம் பயின்றார் என்பது. 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ் முறைப்படி கணித்தால் 41 விநாடி குறைவாக வந்தது; ஐரோப்பிய அட்டவணைப்படி கணித்தால் 68 விநாடி கூடுதலாக வந்தது. இதை மறைக்காமல் எழுதிவைத்தது அவருடைய நேர்மை.

இரண்டாவது, ஜான் வாரனுடையது. சென்னை நோக்ககத்தில் பொறுப்பு வகித்த இவர், 1825இல் 'கால சங்கலித' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், அவ்வாண்டு மே 31 இரவில் தொடங்கிய சந்திர கிரகணத்தை அவர் முன்னிலையில் கணித்துக் காட்டினார். ஏடு இல்லை, எழுத்தாணி இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களைச் சொற்களாக்கிய வாக்கியங்களை நினைவிலிருந்து எடுத்து, கூட்டியும் கழித்தும் முடித்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை. கணிதரின் நினைவாற்றலைப் பாராட்டும் வாரன், இக்கணிதத்தின் அடிப்படைக் கோட்பாடு அவருக்குச் சிறிதும் தெரியாது என்றும் குறிக்கிறார்.

இந்தக் குறிப்பு நம்மைச் சுட்டது. சூத்திரம் பிழையின்றி வந்து சேர்ந்தது. அதைப் பெற்றெடுத்த பார்வை எங்கோ வழியில் உதிர்ந்துபோயிற்று. அக்கணிதரைப் பழிக்க நமக்கு என்ன தகுதி? உரையாசிரியர் பெயர்களையும் திணை துறைகளையும் சோழிபோல் நகர்த்தி மதிப்பெண் வாங்கக் கற்றுக்கொடுப்பவர்கள் தாமே நாம்?

எனவே, 2025 செப்டம்பர் 7 அன்று இரவு முழுச் சந்திர கிரகணம் வந்தபோது மாணவர்களைக் கல்லூரி மைதானத்தில் கூட்டினோம். தொலைநோக்கி இல்லை. ஆளுக்கொரு கடிகாரமும் தாளும்தான். நிலவின் விளிம்பைக் கருநிழல் தொடும் நேரம், நிலவு முழுதும் மறையும் நேரம், முதல் ஒளிக்கீற்று மீளும் நேரம் ஆகிய மூன்றையும் குறிக்கச் சொன்னோம். மேகங்கள் வந்து வந்து போயின. லெ ஜாந்தியை நினைத்துக்கொண்டோம். நிழலின் விளிம்பு மங்கலானது என்பதால் ஒருவர் குறித்த நேரம் மற்றவரோடு ஒத்துவரவில்லை. அதற்காகச் சண்டையும் நடந்தது. சராசரி எடுத்தபோது முறையே 9.57, 11.01, 12.23 என வந்தன.

தொட்டதிலிருந்து முழுதும் மறையும் வரை 64 நிமிடம். அது நிலவு தன் அகலத்தளவு நகர எடுத்துக்கொண்ட நேரம். தொட்டதிலிருந்து ஒளி மீளும் வரை 146 நிமிடம். அது நிலவின் முன்விளிம்பு நிழலைக் குறுக்கே கடந்த நேரம். வகுத்தால் நிழல், நிலவைப்போல் ஏறத்தாழ 2.3 மடங்கு. புவியின் நிழல் செல்லச் செல்லக் குறுகுகிறது. சூரிய கிரகணத்தில் நிலவின் நிழல் அதே தொலைவுக்குள் ஏறக்குறைய ஒரு புள்ளியாகிவிடுகிறது. ஆகவே புவியின் நிழலும் அத்தொலைவில் ஒரு நிலவின் அகலம் குறைந்திருக்கும். அந்த ஒன்றையும் கூட்டினால் புவி, நிலவைப்போல் 3.3 மடங்கு. உண்மை அளவு 3.67. அன்று நிலவு நிழலின் நடுவே செல்லாமல் சற்று ஒதுங்கிச் சென்றதே குறைவுக்கு முதற் காரணம். கிரேக்கத்து அரிசுடார்கசு ஈராயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கைக்கொண்ட வழியும் கிரகண நிழலை அளப்பதுதான்.

கேள்வி கேட்ட மாணவி, விடை தவறியதற்கு வருந்தவில்லை. தவற்றின் காரணத்தைத் தானே கண்டுபிடித்ததில்தான் அவளுக்கு மகிழ்ச்சி. பின்னர் மெல்லக் கேட்டாள்: "அந்தச் சோழிக்காரர் அன்று இரவு வெளியே வந்து நிலவைப் பார்த்திருப்பாரா ஐயா?"

பார்த்திருந்தால், 52 நிமிடப் பிழை அவர் கண்ணில் பட்டிருக்கும். பட்டிருந்தால், ஒரு வாக்கியமேனும் திருத்தப்பட்டிருக்கும். மனப்பாடத்தைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. அது இல்லாதிருந்தால் அக்கணிதம் வாரன் காலம்வரை வந்திருக்கவே முடியாது. ஆனால் காத்துவைத்ததை எடுத்துக்கொண்டு ஒருமுறையாவது வாசலுக்கு வரவேண்டும். இனி, கணியன் என்ற சொல்லை ஒரே வரியில் கடந்து செல்ல நம்மால் இயலாது.