படைக்கலமும் மறுவிலையும்: சில குறிப்புகள்

கோதையாறும் பறளியாறும் சுற்றிவரும் திருவட்டாற்றில், பள்ளிகொண்ட ஆதிகேசவப் பெருமாளின் கோயிலைப் பற்றி வழிவழியாக வரும் ஒரு செய்தி உண்டு. டச்சுக்காரரை எதிர்கொள்ளப் புறப்படுமுன் வேணாட்டரசர் மார்த்தாண்ட வர்மர் தம் வாளை இப்பெருமாளின் திருமுன் வைத்து வணங்கிப் பெற்றுச் சென்றார் என்பது அது. 1741 ஆகஸ்டில் குளச்சலில் டச்சுப் படை தோற்றது. 1750 ஜனவரி 3ஆம் நாள் அவரே தம் உடைவாளைத் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமியின் முன் வைத்து, நாட்டையே இறைவனுக்கு ஒப்புவித்தார். இறைவன் முன் வைக்கப்பட்ட வாளுக்கு விலை கேட்பார் இல்லை. ஆனால் உலகில் உள்ள பெரும்பாலான படைக்கலங்களுக்கு இரண்டாவதாக ஒரு விலை வந்தே தீர்கிறது. செய்தவனிடம் கொடுத்தது முதல் விலை. கைமாறும்போது வாங்குபவன் கொடுப்பது மறுவிலை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தில் ஒரு காலத்தின் சட்டமும் ஆசையும் அச்சமும் படிந்து கிடக்கின்றன. சிற்றளவில் செய்யப்பட்ட சுழல்துப்பாக்கிகளை, அதாவது ரிவால்வர்களை, முன்வைத்து அத்தூரத்தை அளந்து பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம்.

இலக்கிய வாசகர்களுக்கு இது அயலான பொருளாகத் தோன்றலாம். ஆயின் இவ்விவாதத்தின் மிகப் பழைய வடிவம் நம்மிடமே உள்ளது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் படைக்கொட்டிலைக் கண்டு பாடிய பாட்டு புறநானூற்றின் 95ஆவது பாட்டு. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் இருக்கின்றன; அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து, எந்நேரமும் கொல்லனின் உலைக்கூடத்தில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் பழித்த அப்பாட்டைச் சற்றே வேறு கோணத்தில் படித்தால், தொண்டைமானைப் படைக்கலச் சேகரிப்பாளன் என்றும் அதியமானைப் படைக்கலம் கையாள்பவன் என்றும் கொள்ளலாம். இன்றைய துப்பாக்கிச் சந்தையும் இவ்விரு வகையினரால் ஆனதே. கையாள்பவர் குழலின் உட்புறம் தேய்ந்துள்ளதா, உருளை ஒவ்வொரு முறையும் குழலுக்கு நேராக வந்து நிற்கிறதா, தோட்டா கிடைக்குமா என்று பார்ப்பார். சேகரிப்பவர் முதலில் பூசிய பூச்சு அப்படியே உள்ளதா, உறுப்புகளில் பொறித்த எண்கள் ஒத்துப் போகின்றனவா, பழைய பெட்டி உண்டா என்று பார்ப்பார். மங்கிய பூச்சைத் துடைத்துப் புதுப்பூச்சு ஏற்றினால் கையாள்பவர் மகிழ்வார். சேகரிப்பவரோ விலையைப் பாதியாகக் குறைத்துவிடுவார். ஓலைச்சுவடியின் தேய்ந்த எழுத்துகளின்மேல் புது மையால் எழுதிக் 'காப்பாற்றிய'வரைச் சுவடியறிஞர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி!

*

சுழல்துப்பாக்கியின் வரலாற்றில் இந்தியாவுக்குத் தொடக்கத்திலேயே ஓரிடம் இருக்கிறது. அமெரிக்கரான எலிஷா காலியர் 1818இல் இலண்டனில் காப்புரிமை பெற்ற சிக்கிமுக்கிச் சுழல்துப்பாக்கி, இந்தியாவிலிருந்த ஆங்கிலேயரின் கைக்கும் வந்து சேர்ந்தது. 1830இல் 'கார்வோ' என்னும் கப்பலில் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கடலோடியாக வந்த சாமுவேல் கோல்ட் என்னும் பதினாறு வயதுச் சிறுவன், அப்பயணத்தில்தான் சுழலும் உருளைக்கு மரத்தில் மாதிரி செதுக்கினான் என்பர். 1836இல் அவர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1847இல் டெக்சாஸ் வீரர்களுக்காக அவர் செய்த 'வாக்கர்' வகைத் துப்பாக்கிகள் ஏறத்தாழ 1,100 மட்டுமே. அவற்றுள் பல வெடிமருந்தின் வேகம் தாளாமல் உடைந்தே போயின. எஞ்சியவற்றுள் பெட்டியோடு நல்ல நிலையில் இருந்த ஒன்று, 2018இல் அமெரிக்க ஏலத்தில் 18 இலட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. உடைந்தவைதாம் உடையாதவற்றுக்கு விலை ஏற்றின.

இதைவிடத் தெளிவான சான்று வெப்ளி-ஃபாஸ்பெரி. இதனை வகுத்த ஜார்ஜ் வின்சென்ட் ஃபாஸ்பெரி, வங்காளப் படையில் பணியாற்றியவர்; 1863 அக்டோபர் 30இல் வடமேற்கு எல்லையின் அம்பேலாப் போரில் காட்டிய வீரத்துக்காக விக்டோரியா சிலுவை பெற்றவர். சுடும்போது பின்னோக்கி உதைக்கும் விசையைக் கொண்டே உருளையைத் திருப்பி, சுத்தியையும் பின்னிழுத்து வைக்கும் பொறி அவருடையது. உருளையின் மேற்பரப்பில் கோலமிட்டதுபோல் வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்களே இதன் அடையாளம். 1901 முதல் பர்மிங்காமின் வெப்ளி நிறுவனம் இதனைச் செய்தது. குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்கள் இதனை விரும்பினர். போர்க்களமோ விரும்பவில்லை. முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சேறு அந்தப் பள்ளங்களை அடைத்தது. கையை உறுதியாகப் பிடிக்காவிட்டால் பொறி முழுச்சுற்று வேலை செய்யாது. மொத்தம் 5,000க்கும் குறைவாகவே செய்யப்பட்டது. இன்று வெப்ளியின் வழக்கமான படைத்துப்பாக்கிகளைவிடப் பன்மடங்கு விலை பெறுவது, களத்தில் தோற்ற இதுவே. வென்ற கருவி இலட்சக்கணக்கில் பெருகி மலிந்தது. தோற்ற கருவி அருகி அரிதாயிற்று.

இலக்கியமும் அந்த விலைக்குத் துணை நின்றது. டாஷியல் ஹாமெட் 1930இல் வெளியிட்ட துப்பறியும் நாவலான 'மால்டீஸ் ஃபால்க'னில் ஒரு கொலைக்கருவியாக வருவது இந்தத் துப்பாக்கிதான். அதன் .38 துளை வகைதான் எட்டுத் தோட்டா கொள்வது; .455 வகை ஆறே கொள்ளும். நாவலாசிரியர் இதைச் சரியாக எழுதினார். 1941இல் வந்த திரைப்படம் துளையளவை மாற்றிச் சொல்லிப் பிழை செய்தது. ஆயினும் அப்படத்தால்தான் துப்பாக்கியைத் தொட்டறியாதவரும் அப்பெயரை அறிந்தனர். கதை ஏறிய பொருளுக்கு விலையும் ஏறும் என்பது புதுமையன்று.

வேண்டுமென்றே குறைவாகச் செய்தால் இதே மதிப்பு வருமா? 1961 முதல் கோல்ட் நிறுவனம் நினைவுப் பதிப்புகளாகப் பொன்முலாம் பூசிய துப்பாக்கிகளைப் பெட்டியோடு விற்றது. வாங்கியோர் அனைவரும் சுடாமல் பூட்டி வைத்தனர். எல்லோரும் காப்பாற்றியதால் எதுவும் அரிதாகவில்லை. அவற்றுள் பல, கொடுத்த விலைக்கு ஈடாகக்கூட மறுவிலை பெறவில்லை. ஒருமுறை சுட்டாலோ இருக்கும் மதிப்பும் போகும். ஆசிரியர் கையொப்பமிட்டு எண்ணிட்ட சிறப்புப் பதிப்புகளை வாங்கி, ஏடு பிரிக்காமல் வைத்திருக்கும் நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். அருமை என்பது திட்டமிட்டு உண்டாக்குவதன்று. இழப்பின் எச்சமாகத் தானே வருவது.

*

இதுவரை சொன்னது மேலைநாட்டுச் சந்தை. நம் நாட்டில் கணக்கே வேறு. இங்கே துப்பாக்கியை அரிதாக்கியது செய்தவனல்லன், சட்டமே.

1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த படைக்கலச் சட்டம், உரிமம் இன்றி இந்தியர் ஆயுதம் வைத்திருத்தலைக் குற்றமாக்கியது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு அச்சட்டம் எட்டவில்லை. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன், வ.வே.சு. ஐயரிடம் குறிபார்க்கப் பயின்றது அங்கேதான். 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆஷைச் சுட்டது பெல்ஜிய நாட்டுப் பிரவுனிங் கைத்துப்பாக்கி. நம் பேச்சுவழக்கு அதனை 'ரிவால்வர்' என்றே சொல்லிப் பழகிவிட்டது; உண்மையில் அது உருளை இல்லாத வகை.

விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் 1962 முதல் நடைமுறைக்கு வந்தது. படையும் காவலும் பயன்படுத்தும் .380, .455 தோட்டாக்களை ஏற்கும் சுழல்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட துளையளவின்கீழ் வந்தன. மைய அரசின் தனி இசைவின்றி அவற்றை வைத்திருக்க இயலாது. எனவே உலகச் சந்தையில் புகழ்பெற்ற .455 வெப்ளிக்கு இங்கே பொதுச்சந்தை இல்லை. குடிமக்களுக்கு எஞ்சியது பெரும்பாலும் .32 துளை. 1980களின் நடுவில் தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதியும் நின்றது. பெயர்பெற்ற துப்பாக்கி விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு இருந்தது. அந்த நாள் முதல், நாட்டுக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட .32 வெப்ளியும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் இனிப் பெருகாத பொருள்களாயின. அமெரிக்கக் கடையில் எளிய விலைக்குக் கிடைக்கும் சாதாரணத் துப்பாக்கி, இங்கே பல இலட்ச ரூபாய்ச் சொத்தாயிற்று. அதில் கலையழகும் இல்லை, வரலாறும் இல்லை. ஓர் ஆணையின் நிழல் மட்டுமே இருந்தது.

கான்பூரின் அரசுத் தொழிற்சாலைகள், வெப்ளியின் பழைய அமைப்பைத் தழுவி .32 சுழல்துப்பாக்கி செய்து விற்றன. 2014இல் பெண்களுக்கென 'நிர்பீக்' வந்தது. எடை ஏறத்தாழ அரைக் கிலோ. அறிமுக விலை 1,22,360 ரூபாய். 2012 டிசம்பரில் தில்லியில் கொடுமைக்குள்ளாகி உயிர்நீத்த பெண்ணுக்கு ஊடகங்கள் இட்ட பெயரை நினைவூட்டும் பெயர் அது. ஓர் அவலத்தின் பெயரில் விலைப்பொருள் செய்யலாமா என்று அன்றே பலர் கேட்டனர். 2020இல் வெப்ளி நிறுவனமே உத்தரப் பிரதேசத்து ஹர்தோய் மாவட்டத்தில் .32 துப்பாக்கி செய்வதாக அறிவித்தது. 'இனி வராது' என்ற நம்பிக்கையின்மேல் நின்ற விலைக்கு இது முதல் அடி.

இரண்டாம் அடி அதற்குச் சற்று முன்பே சட்டத்திடமிருந்து வந்திருந்தது. 1983 திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றது. 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதனை இரண்டாக்கி, மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கவோ விற்கவோ செய்யும்படி பணித்தது. மரபுச்சொத்தாக வருவதும் இந்த எண்ணிக்கைக்குள் அடங்கும். மறுவிற்பனையும் எளிதன்று: வாங்குபவருக்கு உரிமம் இருக்க வேண்டும், மாவட்டக் குற்றவியல் நடுவருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் அறிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். நூறாண்டு கடந்தது என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நாட்டைவிட்டு வெளியேற்றவும் இயலாது. ஆகவே இலண்டன் விலையும் இந்திய விலையும் ஒருபோதும் சந்திப்பதில்லை. அயலகம் போய்விட்டவற்றின் கதை வேறு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் பட்டறை செய்த புலிச்சின்னத் துப்பாக்கிகளும் வாள்களும் அடங்கிய ஒரு தொகுப்பு, 2015 ஏப்ரலில் இலண்டனில் 60 இலட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது.

*

இங்கேதான் நம்மை உறுத்தும் கேள்வி வருகிறது. விலை என்பது பெரும்பாலும் சட்டத்தின் செயற்கை என்றால், உண்மையான மதிப்பு எதில் இருக்கிறது?

1928 டிசம்பர் 17இல் லாகூரில் சாண்டர்ஸைச் சுட்ட பகத் சிங்கின் .32 கோல்ட் துப்பாக்கி, பல்லாண்டுகள் இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில் பத்தோடு பதினொன்றாகக் கிடந்தது. துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்புப் பூச்சு பூசியிருந்தனர். அதைச் சுரண்டிப் பார்த்தபோது 168896 என்ற எண் வெளிப்பட்டது. வழக்கு ஆவணத்தின் எண்ணோடு ஒத்துப்போனது. அதுவரை அது பழைய இரும்பு. அதன்பின் அது வரலாறு. மாறியது ஒரு பொருளன்று. பொருளும் தாளும் ஒன்றையொன்று கண்டுகொண்டன, அவ்வளவே.

ஆகவே மூன்றாவது துப்பாக்கியை ஒப்படைக்க நேர்ந்த குடும்பங்கள் இழப்பது பணம் மட்டுமன்று. துப்பாக்கி ஒரு திசை, அதன் உரிமத் தாளும் வாங்கிய சீட்டும் பாட்டனார் சொன்ன கதையும் வேறு திசை என்று பிரியும்போது, ஓர் ஊரின் நினைவிலிருந்து ஒரு பக்கம் கிழிகிறது. துப்பாக்கிகள் குறைவது நன்றே. அதில் நமக்கு ஐயமில்லை. வீட்டில் இருக்கும் துப்பாக்கி வீட்டாரையே கொல்வதும் உண்டு என்பதை நாளிதழ் படிக்கும் எவரும் அறிவர். கேட்பது ஒன்றே: இரும்பு போகட்டும், எண்ணும் தாளும் போக வேண்டாம். ஒப்படைக்குமுன் எண்ணைக் குறித்து வையுங்கள், நிழற்படம் எடுங்கள், பெரியவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். எதிர்கால ஆய்வாளனுக்கு அதுவே போதும்.

திருவட்டாற்றிலிருந்து சில கல் தொலைவில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. குளச்சலில் சிறைப்பட்டு, பின் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவரான டி லனாய், பீரங்கி வார்க்கும் உலை அமைத்தது அங்கேதான். 1809இல் வேலுத்தம்பியின் எழுச்சியின்போது ஆரல்வாய்மொழி வீழ்ந்தபின் அக்கோட்டை எதிர்ப்பின்றி ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று அது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மான்களைக் காணக் குழந்தைகள் வருகின்றனர். அங்கே வார்த்த பீரங்கிகளைத் தேடி வருவோர்க்கு எஞ்சியிருப்பது, 1777இல் மறைந்த டி லனாயின் கல்லறையும் அதில் இலத்தீனிலும் தமிழிலும் பொறித்த எழுத்துகளும். இரும்பை எழுத்து வென்று நிற்பதைக் காண அதைவிடப் பொருத்தமான இடம் நாஞ்சில் நாட்டுப் பக்கத்தில் இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.